ஆள் கணக்கு

ரயிலே வராத ஊரில் கப்பல் கம்ப்யூட்டர் செய்தவன் நான். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் பெரம்பலூரில் குறைவு. துறைமங்கலத்தில் எனக்கு ஒரு ரிப்பேர் கடை. மிக்ஸி, இன்வெர்ட்டர், பம்ப்செட் ஸ்டார்ட்டர் எல்லாம் பார்ப்பேன். கடை வாசலில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்களைப் படுக்கப் போட்டு, இரும்பு ஆங்கிளில் பிணைத்து, மேலே பிளைவுட் அடித்து நான் படகு கட்டிக்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதிகமாகச் சிரித்தவர் என் அக்கா புருஷன். அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்து சிரித்துவிட்டுப் போவார்.

“ஊரு பேருலயே துறை இருக்கு மாப்ள. முகந்தான் இல்ல. அதையும் நீ கட்டிருவ,” என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறவன் என்று என்னை ஊரே சொல்லும், சொல்லட்டும். வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் பல வருஷம் ஒயர் இழுத்தவன் நான். அங்கே ஷேக்குகளின் படகில் வழிகாட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். படகு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது, அடியில் எவ்வளவு ஆழம் என்று எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். அதை என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் வெறி. ஊருக்குத் திரும்பும்போது எல்லாரும் சென்ட்டும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். நான் பழைய சவுண்டர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். அதில் ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. அதைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் கீழே சத்தம் அனுப்பும். சத்தம் தரையில் மோதித் திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். அவ்வளவுதான் சவுண்டர்.

படகு விட இடம் கொடுத்தவரும் மாமாதான். அக்கா வீடு அரியலூருக்குக் கிழக்கே. அவர்கள் வயலை ஒட்டி, சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஊரில் அதற்கு மைன்ஸ் என்று பெயர். கோடையிலும் தண்ணீர் வற்றாது. கரையில் கிடக்கும் கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி அச்சு இருக்கும். மாமா ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்து, “இங்க கடலே இருந்திருக்கு மாப்ள. நீதான் லேட்டா வந்துட்ட,” என்றார்.

முதல் நாள் படகை இறக்கியபோது திரையில் வழிகாட்டி வேலை செய்தது. ஆனால் என்னிடம் இருந்த மேப் பழசு. அதில் அந்த இடம் மைன்ஸ் வெட்டுவதற்கு முந்தைய சோளக்காடாக இருந்தது. தண்ணீரில் போகும் படகு, திரையில் சோளக்காட்டை உழுதுகொண்டு போயிற்று. மாமா பிளைவுட்டில் மல்லாந்து படுத்துச் சிரித்தார். “ஆழமும் வந்துட்டா முழுசாயிடும் மாமா,” என்றேன். சவுண்டரைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது மட்டும் பாக்கி.

அந்த சவுண்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே ஆழத்தை மூன்று கணக்கில் சொல்லும். ஒன்று அடி, இன்னொன்று மீட்டர், மூன்றாவது பழைய கப்பல்காரர்கள் கணக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்தால் வருகிற நீளம். இதை விளக்கியபோது மாமா எழுந்து உட்கார்ந்தார்.

“கைய விரிச்சா எவ்ளோ, நின்னா எவ்ளோ? ரெண்டும் ஒண்ணுதானேடா. அது நம்ம ஆள் கணக்கு. கெணத்துல எத்தன ஆள் தண்ணின்னு கேக்குறோம்ல? அடியும் மீட்டரும் எவனுக்குத் தெரியும். திரையில ஆள்னு போடு. ஊருக்கே புரியும்.”

அது சரியாகத்தான் பட்டது. எனக்கு அவர் மேல் கோபம் வராமல் போன சில தருணங்களில் அது ஒன்று. அன்றைக்கே கடைக்கு வந்து, ஆழம் வரவேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் ‘ஆள்’ என்று போட்டேன். பக்கத்தில் எண் வர வேண்டும். எண்தான் வரவில்லை.

சவுண்டர் பேசுவது பன்னிரண்டு வோல்ட்டில். என் சின்ன போர்டு காது கொடுப்பது மூன்று வோல்ட்டில். அவசரத்தில் நேராகக் கொடுத்துவிட்டேன். போர்டு புகைந்து செத்தது. அதைச் சுவரில் அடித்து நொறுக்கினேன். வேறு போர்டு வாங்கி, நடுவில் வோல்ட்டைக் குறைக்கிற ஒரு சில்லைப் போட்டேன். இப்போது திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாக ஏதோ குப்பை ஓடியது. மாமாவிடம் போனில் சொன்னேன். “அது அரபில பேசுதுடா, நீதான் அங்க இருந்தவனாச்சே,” என்று சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன். கடைசியாக அவர் என்னோடு பேசியது அதுதான்.

மறுநாள் காலை அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். மைன்ஸ் தண்ணீரைத்தான் மோட்டார் வைத்து இறைப்பார்கள். மதியம்வரை வரவில்லை என்று அக்கா போய்ப் பார்த்திருக்கிறாள். கரையில் செருப்பு, சட்டை, சட்டைக்குள் போன். மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் போகும் ஓஸைக் காணவில்லை. ஓஸின் நுனியில் இரும்பு ஃபுட்வால்வு ஒன்று மாட்டியிருப்பார்கள். பாசி அடைத்துக்கொண்டால் யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். மாமா அப்படி இறங்கும்போது, கை இரண்டும் வேண்டுமென்று, ஓஸை இழுக்கும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்வார். நானே பார்த்திருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கித் தேடினார்கள். அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்து, “அடியில படி படியா வெட்டியிருக்காங்க சார். மேல் படி முழுக்கப் பாத்துட்டோம். அதுக்குக் கீழ எவ்வளவுன்னு தெரியாம ஆளை இறக்க முடியாது. தானா மெதக்கும்,” என்றார். அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். மச்சான்தான், அதாவது மாமாவின் தம்பி, டிப்பர் லாரி ஓட்டுகிறவர், என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அந்த ஆபீசர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உடல் மிதக்கவில்லை. அடுத்த நாளும் மிதக்கவில்லை. அதற்கடுத்த நாளும்.

மிதக்காத உடலுக்கு ஊரில் ஒரு அர்த்தம் உண்டு. டீக்கடையில் நான் நிற்பது தெரிந்தே ஒருவன் சொன்னான்: “பொணம் மெதக்கலன்னா, ஆளு எங்கயோ ஜாலியா இருக்கான்னு அர்த்தம். செருப்பக் கழட்டிப் போட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிருப்பான். எவ கூடவோ.”

கையிலிருந்த டீயை அவன் முகத்தில் ஊற்றினேன். அவன் கண்ணைத் துடைப்பதற்குள் அறைந்தேன். கீழே விழுந்தவனை மறுபடியும் அறைந்தேன். கடைக்காரர் பெஞ்சைத் தாண்டி வந்து பிடிக்கும்வரை அறைந்துகொண்டே இருந்தேன். ஒருத்தன் வாயை அடைத்தேன், மற்ற வாய்களை என்ன செய்வது? அன்று மாலைக்குள் ஓஸைத் திருடர்கள் கொண்டுபோனார்கள், மாமா திருப்பூர் போனார் என்று ஊர் முழுக்க முடிவாகிவிட்டது.

வீட்டிலோ வேறு பேச்சு. மாமாவின் பெரியப்பா மகன்கள் வந்து உட்கார்ந்து, தர்ப்பையில் ஒரு உருவம் செய்து கொள்ளி வைத்துவிடலாம், காரியத்தை எத்தனை நாள் தள்ளுவது என்றார்கள். அக்கா அதுவரை அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்:

“பொம்மைக்கெல்லாம் நான் தாலி அறுக்க மாட்டேன். அவரக் கொண்டாந்து காட்டுங்க. அறுத்துத் தரேன்.”

பிறகு என்னைப் பார்த்தாள். “தம்பி, நீ வச்சிருக்கியே ஒரு பொட்டி. அது தண்ணிக்குள்ள பாக்கும்னு அவரு சொன்னாரு. பாக்குமா, பாக்காதா?”

“பாக்கும்கா,” என்றேன். அந்த நிமிஷத்தில் அது குப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கடையிலிருந்து சவுண்டரையும் போர்டையும் திரையையும் கொண்டுவந்து அவள் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்தேன். டிராக்டர் பேட்டரி ஒன்றை மச்சான் கழற்றிக் கொடுத்தார். ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் குமிழைத் தொங்கவிட்டேன். போர்டின் வேகத்தை மாற்றினேன், குப்பை. திரும்ப மாற்றினேன், குப்பை. முற்றத்தின் ஓரத்தில் பெரியப்பா மகன்கள் தர்ப்பைக்கு ஆள் அனுப்புவதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சவுண்டரிலிருந்து வரும் ஒயர் இரண்டு. கறுப்பு எது, வெள்ளை எது என்று பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ஆணவத்தில் அந்த இரண்டை மட்டும் நான் சந்தேகிக்கவே இல்லை. ஆத்திரத்தில் இரண்டையும் பிய்த்து எறிந்தேன். எறிந்ததைத் தேடி எடுத்து மறுபடி முறுக்கியபோது இடம் மாறிப் போயிற்று. திரையில் சுத்தமாக எழுத்து வந்தது. பழைய படகில் யாரோ நிறம் மாற்றி இணைத்திருக்கிறான். அண்டா ஆழம் குறைவு என்பதால் எண் தடுமாறியது, ஆனால் எண். மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று கை சட்டைப் பையைத் தொட்டது. பிறகு அண்டாவை எட்டி உதைத்துவிட்டு அழுதேன்.

படகை இறக்கியபோது கரை முழுக்க ஜனம். டீக்கடைக்காரன் முதல் என்னிடம் அறை வாங்கியவன்வரை எல்லாரும் வந்துவிட்டார்கள். எதிர்க் கரையில் ஒரு தகரக் கொட்டகையும், அதற்கு ஒரு வாட்ச்மேனும் உண்டு. பள்ளத்தைக் கைவிட்ட கம்பெனிக்காரர்கள், இரும்பு திருட்டுப் போகாமல் இருக்க வைத்த ஆள். வெளியூர்க்காரர், ஒடிசலான மனுஷர். அந்த நாட்களில் கரையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு மூடி போட்ட டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்.

முன்னால் மச்சான் மூங்கில் கழி போட்டார். பின்னால் நான் ஒயரையும் பேட்டரியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் யோசனை சுலபம். ஓஸ் முழுக்கத் தண்ணீர், நுனியில் இரும்பு. இடுப்பில் கயிறு. அதனால்தான் அவர் மிதக்கவில்லை. மேல் படியில் இல்லையென்றால், படி எங்கே முடிகிறதோ அங்கே சரிந்து விழுந்திருக்கிறார். படி முடிகிற இடத்தைக் கண்டுபிடித்தால், கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கும் பாதாளக்கரண்டியை அங்கே போட்டு இழுக்கலாம். கயிறு எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று ஆழம் சொல்லிவிடும்.

“மச்சான், எனக்கு ஒயரப் பாக்கவே சரியா இருக்கு. திரையில நம்பரு மாறுனா சத்தமாச் சொல்லுங்க,” என்றேன்.

“ஆளு ஒண்ணு,” என்றார். கொஞ்சம் தள்ளி, “ஆளு ரெண்டு.” மோட்டாருக்கு நேராக வந்தபோது, “மூணு.” அதே மூன்றில் வெகுநேரம் போயிற்று. மேல் படி அதுதான். திடீரென்று மச்சான் கழியைப் படகில் போட்டுவிட்டுத் திரையின் மேல் குனிந்தார்.

“மாப்ள, அஞ்சு ஆளு! அஞ்சு ஆளு காட்டுது!”

படி முடிந்துவிட்டது. லாரி கீழே இறங்குவதற்காக வெட்டிய சரிவுப் பாதை ஒன்று அங்கே தண்ணீருக்குள் ஓடுகிறது. அந்த இடத்தைத் திரையில் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளத்தில் சுற்றிலும் கல் சுவர். தண்ணீரில் மெதுவாகப் பேசினாலே கரைக்குக் கேட்கும். மச்சானோ லாரிக்காரர், அவருக்கு மெதுவாகப் பேச வராது. கரையில் ஒருவன் குரல்: “கேட்டீங்களா, உள்ள அஞ்சு ஆளு கெடக்காம்.” இன்னொருவன்: “நான்தான் அப்பவே சொன்னேன்ல. வேல செஞ்ச வடக்கத்தி ஆளுங்களக் கம்பெனிக்காரனுங்க பொதைச்சுட்டானுங்கன்னு.” அப்படி ஒரு வதந்தி அந்த ஊரில் பல நாளாக உண்டு. அதற்கு இன்றைக்குத்தான் சாட்சி கிடைத்தது. சாட்சி என் மெஷின்.

கூட்டம் கொட்டகையைப் பார்த்து ஓடியது. வாட்ச்மேனை வெளியே இழுத்துப் போட்டார்கள். “எத்தன பேர்டா உள்ள? சொல்றா,” என்று ஒருவன் நெஞ்சில் மிதித்தான். “ஒருத்தருதாங்க. அவரு ஒருத்தருதாங்க,” என்று அவர் கும்பிட்டார். கும்பிட்ட கையை இன்னொருவன் கட்டையால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் தண்ணீருக்கு மேல் எங்களுக்குக் கேட்டது. கொட்டகைத் தகரத்தைப் பிய்த்தார்கள். அவருடைய பழைய டிவிஎஸ்ஸைத் தள்ளி நெருப்பு வைத்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் ஜீப்புக்குப் பின்னால் நின்றார்கள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். “டேய், ஆள்னா ஆழம்டா! பொணம் இல்லடா!” கேட்டவர்கள் அதையும் வேறு மாதிரிக் கேட்டார்கள். “பொணம் இல்லங்குறான் பாரு. காசு வாங்கிட்டான். மறைக்கிறான்.” படகின் மேல் கல் வந்தது. ஒன்று பிளைவுட்டில், ஒன்று திரையின் மூலையில், ஒன்று என் புருவத்தில். ஒரு கண்ணில் ரத்தம் இறங்கி மறைத்துக்கொண்டது.

படகு கொட்டகைப் பக்கக் கரையைத் தொட்டதும் மச்சான் கையிலிருந்த கழியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தேன். யார் எவர் என்று பார்க்கவில்லை. வாட்ச்மேன் மேல் குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றிலும் போட்டேன். டீக்கடையில் என்னிடம் வாங்கியவன் திரும்பிப் பார்த்தான், அவனுக்கும் தோளில் ஒன்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் அடிக்க ஒரு உருவம் கிடைக்காமல் தவித்தவன் நான். மச்சானும் இறங்கிவிட்டார். எங்களையும் சூழ்ந்துகொண்டார்கள். என் விலாவில் யாரோ உதைத்தார்கள். மண்ணில் முகம் பதிய விழுந்தேன். பக்கத்தில் வாட்ச்மேன் கிடந்தார். அவர் என்னைப் பார்த்து, “அஞ்சு பேரு இல்லீங்களே தம்பி?” என்று கேட்டார். அடித்து அடித்து அவரையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள்.

அப்போது அக்கா வந்தாள். எப்படி அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாள் என்று தெரியாது. வாட்ச்மேனை மிதித்துக்கொண்டிருந்தவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் ஓங்கிய கையோடு நின்றான்.

“அஞ்சு ஆளு கெடக்கட்டும், அம்பது ஆளு கெடக்கட்டும்,” என்றாள். கத்தவில்லை. “எனக்கு என் ஆளு வேணும். அவரத் தேட வந்தவனப் போட்டு அடிக்கிறீங்க, எனக்கு டீ குடுத்தவரப் போட்டு அடிக்கிறீங்க. வழி வுடுங்கடா.”

ஊரில் அக்காவை யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. புருஷனை என் ஆளு என்று ஒரு பெண் கூட்டத்தில் சொல்லியும் கேட்டதில்லை. விலகினார்கள். போலீஸ்காரர்கள் இப்போது தைரியம் வந்து விசிலை ஊதினார்கள். வாட்ச்மேனை இரண்டு பேர் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். தூக்கியவர்களில் ஒருவன் அவரை அடித்தவன்.

அக்கா நேராகப் போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தாள். பொம்பளை எதற்கு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. திரையின் மூலை விரிசல் விட்டிருந்தது, எழுத்து தெரிந்தது. குறித்து வைத்த இடத்துக்கு மச்சான் கழி போட்டார். கழி தரைக்கு எட்டாத இடத்தில் கையால் தண்ணீரைத் தள்ளிப் போனோம். ‘ஆள் 5’ என்று திரை நின்றது. அக்கா அதைப் பார்த்தாள்.

“இதத்தான் அவனுங்க அஞ்சு பொணம்னானுங்களா?”

“ஆமாக்கா. ஆழம். ஆள்னு போடச் சொன்னதே மாமாதான்.”

அவள் வாய் கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை. “அவரு சொல்லித்தான இருப்பாரு,” என்றாள்.

இரண்டு கையையும் விரித்து விரித்துக் கயிற்றை அளந்தேன். ஐந்து விரிப்பு, அதற்கு மேல் கொஞ்சம். பாதாளக்கரண்டியை இறக்கினேன். முதல் தடவை மூழ்கிப்போன கருவேல மரக் கிளை ஒன்று மாட்டி வந்தது. அதை வெட்டி எறிந்தேன். இரண்டாவது தடவை கனமாக, வழுக்கிக்கொண்டு ஏதோ மாட்டியது. மச்சானும் நானும் சேர்ந்து இழுத்தோம். புருவத்து ரத்தம் கயிற்றில் சொட்டி வழுக்கியது. வேட்டியைக் கயிற்றில் சுற்றிக்கொண்டு மச்சான் இழுத்தார்.

திரையில் ஐந்து, நாலு ஆயிற்று. படகு நகரவே இல்லை. மெஷின் மறுபடி பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்து ஒயரைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மூன்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் இப்போது தரைவரை போகவில்லை. பாதியிலேயே எதன் மேலோ மோதித் திரும்பி வருகிறது. அது மேலே வந்துகொண்டிருக்கிறது. அக்காவிடம் திரும்பிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு. கறுப்பு ஓஸின் ஒரு வளையம் தண்ணீருக்கு மேல் எழுந்தது. மச்சான், “அண்ணே,” என்றார். அதற்கு மேல் அவரால் இழுக்க முடியவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்.

திரையில் எண் ஒரு தடவை மாறி நின்றது. மாமா போடச் சொன்ன பெரிய எழுத்தில்: ஆள் 1.

அக்கா அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

“ஆளு ஒண்ணு,” என்று மெதுவாகப் படித்தாள். கரையில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. பிறகு கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.